காப்புக் கட்டிய கையோடு ஒரு கல்லூரிப் பயணம்

அம்மனை நம்பிப் பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் சுமதி. நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். அங்கே வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, சுற்றிலும் வந்துவிட்ட அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார். ஒரே மகள், மோனிஷா. எங்கள் ஊர் எல்லையம்மன் அவளுக்குச் செய்ததை நான் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். தெருவே பேசியது. ஆனால் மார்க் வந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

கல்லூரி பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் எங்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளப்பிக்கொண்டு போனார். அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். பக்கத்துக் கல்லூரிகள் ஒன்றையும் விடவில்லை. பெரிய வளைவு, உள்ளே புல்தரை, வருகிற பெற்றோருக்கெல்லாம் ஒரு பையும் ஒரு பழரசமும். பேசுகிறவர்கள் ஏசி அறையில் உட்காரவைத்துத் தேனாகப் பேசுவார்கள். அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான், காலேஜ் பஸ் நசரத்பேட்டையில் நிற்குமா? நிற்கும் என்றால் அந்தக் கல்லூரி நல்ல கல்லூரி. கேன்டீனுக்குப் போய் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு வருவார். வாட்ச்மேன் பொறுப்பானவரா என்று தள்ளி நின்று கவனிப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். மோனிஷா மட்டும் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் லேப் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்தக் கதவு முன்னால் போய் நின்றுவிடுவாள்.

அவள் படிக்க ஆசைப்பட்டது நிலவரைபடம் சம்பந்தப்பட்ட பொறியியல். செயற்கைக்கோள் படத்தை வைத்து பூமியை அளக்கிறது, வரைகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போடுகிறது, இதெல்லாம் அதில் வருமாம். நாங்கள் பார்த்த பக்கத்துக் கல்லூரிகளில் அந்தப் படிப்பு இல்லை. திருச்சிப் பக்கம் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கே சேர்ந்தால் விடுதியில்தான் தங்க வேண்டும்.

அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். “ரோடு காட்றதுக்குத்தான் போன்லயே ஒரு பொம்பள பேசிகினு கீதே. இதுக்கு நாலு வருசம் ஆஸ்டல்ல போய்ப் படிக்கணுமா?” என்று கேட்டார். கேலியாகச் சொன்னாலும் உள்ளே பயம். மகள் ஒரு ராத்திரிகூட எங்களை விட்டு வெளியே தங்கியதில்லை. அவள் ட்யூஷன் முடிந்து வரும்வரை தெருமுனையில் வண்டியைத் துடைக்கிற மாதிரி நிற்கிற மனிதர் அவர். எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எங்களிடம் மாவு வாங்கும் ஜெயந்தி அக்கா திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர் உட்கார்ந்து திருச்சிக்கும் சேர்த்து விண்ணப்பம் போட உதவினார். அது தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. “நைனா, டீ” என்று டம்ளரை வைத்துவிட்டு அவள் போவாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். யார் பக்கம் பேசினாலும் இன்னொருவர் முகம் வாடுகிறது. கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் ஊர் எல்லையம்மனுக்கு ஆடியில்தான் திருவிழா. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் பால்குடம் எடுக்கிறவர்களுக்கும் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டியவர்கள் மஞ்சள் துணி உடுத்த வேண்டும். செருப்புப் போடக் கூடாது. வெளியில் கை நனைக்கக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தினமும் கோயிலில் மாலை விளக்கு வைக்கும்போது அங்கே இருக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கவே கூடாது. பால்குடம் எடுத்து அம்மனுக்கு ஊற்றிய பிறகுதான் கயிறு அவிழும். எங்கள் வீட்டில் இதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

அந்த வருஷம் மோனிஷா எங்களிடம் சொல்லாமலே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். மஞ்சள் சுடிதாரில் வாசலில் வந்து நின்றாள். என்னடி வேண்டுதல் என்று கேட்டேன்.

“சீட்டு கெடைக்கணும். நைனா என்னாண்ட பேசணும்” என்றாள். உள்ளே இருந்தவருக்கும் கேட்டிருக்கும். இருமிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரெண்டே நாளில் ஜெயந்தி அக்கா மாவுப் பாத்திரத்தோடு ஓடி வந்தார். “சுமதி, மோனிக்கு சீட்டு கெடச்சிட்டு!” என்று கத்தினார். மோனிஷா அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகு போனை வாங்கிப் படித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்து சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், பெற்றோரும் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. பால்குடமோ ஞாயிற்றுக்கிழமை. அதுவரை கையில் கயிறு.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். வருத்தத்தில் இல்லை, நிம்மதியில். “பாத்தியா? நான் சொன்னா கோவம் வருது. இப்ப அம்மனே வோணாம்னு சொல்ட்டா” என்றார்.

என் மகள் அன்று அழுத அழுகையை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது. சீட்டு வேண்டும் என்று கட்டிய கயிறே சீட்டைத் தடுக்கிறது. பிள்ளை வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. சாமியை நம்பியது ஒன்றுதான் அவள் செய்தது. மாவு ஈரம் காயாத கையோடு கோயிலுக்குப் போனேன்.

அம்மன் முன்னால் நான் அன்று பக்தியாகவா பேசினேன்? சண்டை போட்டேன். “உன்னை நம்பித்தானே கட்டினாள்? அவிழ்க்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கட்டினது கட்டினதுதான். ஆனால் என் பிள்ளை போயாக வேண்டும். ரெண்டும் நடக்கணும். எப்படி என்று எனக்குத் தெரியாது. நீ அம்மாதானே? நீயே பார்” என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை நிற்கவில்லை.

எங்கள் பூசாரி சங்கர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அன்று வேலை விட்டு வந்தவர், கம்பெனிச் சட்டைக்கு மேல் மஞ்சள் துண்டோடு, உடைகூட மாற்றாமல், “இன்னா அண்ணி, தனியா குந்திகினு கீறீங்க?” என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “ராத்தங்கக் கூடாதுன்னுதான் அண்ணி கட்டுப்பாடு. பகல்ல எல்லை தாண்டக் கூடாதுன்னா நான் எப்டி எஸ்டேட்டுக்குப் போய் வந்துகினு கீறேன்? என் கையிலயும்தான் காப்பு கீது.” கையைத் தூக்கிக் காட்டினார். “காலைல கெளம்பிப் போய்ட்டு, வெளக்கு வெக்கறதுக்குள்ள இங்க வந்து நின்னுட்டா குத்தமில்ல. ஆனா திருச்சி ஆச்சே. வர முடியுமா பாருங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவர் கையில் அந்தக் கயிற்றைத் தினமும் பார்த்துக்கொண்டே எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெயந்தி அக்கா தன் காரைத் தருகிறேன் என்றார். டிரைவர் ஒருவரையும் பேசித் தருகிறேன் என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “எவனோ ஒர்த்தன் ஓட்டிகினு போய், வெளக்கு வெச்ச அப்பால கொண்ணாந்து உட்டா குத்தம் யாருக்கு? நம்ம ஊட்டுக்குத்தான. நானே ஓட்றேன்” என்றார். பிறகு என்னை முறைத்து, “சேக்கறேன்னு சொல்லல. போய்ட்டு வரேன்னுதான் சொல்றேன்” என்று சேர்த்துக்கொண்டார். அதுவே எனக்குப் போதும். அம்மன் காப்பைக் கொண்டே அவரைக் காரில் ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னே கோயில் வாசலில் கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்பினோம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அப்பனும் மகளும் பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.

பல்கலைக்கழக வாசலில் இறங்கியபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற பிள்ளைகள் ஷூ, ஜீன்ஸ் என்று வந்திருந்தார்கள். என் மகள் மஞ்சள் துணியில், வேப்பிலை செருகிய கயிற்றோடு, வெறுங்காலில். வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. ஒரு பெண் தன் அம்மாவிடம் இவள் காலைக் காட்டி ஏதோ சொன்னாள். மோனிஷா குனியவில்லை. சான்றிதழ் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு நேராக நடந்தாள். என் வீட்டுக்காரர் சாலை ஓரமாக, மர நிழல் விழுகிற பக்கமாக அவளை நகர்த்தி நகர்த்திக் கூட்டிக்கொண்டு போனார். வாய்தான் பேசவில்லை.

உள்ளே போனால் கூட்டம். டோக்கன் வாங்கிப் பார்த்தால் எங்கள் முறை வரச் சாயங்காலம் ஆகிவிடும் என்றார்கள். சாயங்காலம் இங்கே இருந்தால் விளக்குக்கு எப்படிப் போவது? நான் கண்ணை மூடி, தாயே, தாயே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் வரவில்லை. மோனிஷா போய், சான்றிதழ் பார்க்கிற மேசையில் இருந்த மேடத்திடம், சாயங்காலத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும், கொஞ்சம் முன்னால் பார்க்க முடியுமா என்று கேட்டாள். வரிசையில் நின்ற ஒருவர் எல்லாருக்கும்தான் ஊர் இருக்கிறது என்று எரிந்து விழுந்தார். அந்த மேடம் மட்டும் மகளின் கையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

“காப்பா? பால்குடமா, தீமிதியா?” என்று கேட்டார்.

“பால்குடம் மேடம். ஞாயித்துக்கெழம. வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊர்ல இருக்கணும்.”

அந்த மேடம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மேசைக்கு அடியிலிருந்து தன் காலை வெளியே நீட்டினார். பட்டுக்கரைப் புடவை, கையில் வாட்ச், அவ்வளவு படித்த அம்மா. காலில் செருப்பில்லை. வாட்ச்சுக்கு மேலே புடவைத் தலைப்பால் மூடியிருந்த இடத்தில் மஞ்சள் கயிறு.

“எங்க ஊர்ல எனக்கும் கட்டியாச்சும்மா. உள்ள வாங்க” என்றார். வரிசையில் நின்றவர்களிடமும் அவரே எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். ஒருவர்கூட மறுக்கவில்லை. எரிந்து விழுந்தவரே, போங்கம்மா என்று வழிவிட்டார்.

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. அவ்வளவு பெரிய இடத்தில், அத்தனை மேசைகளில், காப்புக் கட்டிய ஒருத்தியின் மேசைக்கு முன்னால் என் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் அந்த இடத்தில் நின்றவள். எனக்குத் தெரியும்.

அந்த மேடம் சான்றிதழ்களைப் பார்த்துக்கொண்டே, ஏன் இந்தப் படிப்பு, இந்த மார்க்குக்கு வேறு எதுவும் கிடைத்திருக்குமே என்று கேட்டார். மோனிஷா சொன்ன பதிலை நானும் என் வீட்டுக்காரரும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டோம்.

“நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ மழைல எங்க தெருவுல தண்ணி ஏறிடுச்சு மேடம். நாங்க மொட்டமாடில நின்னோம். நைனா துண்டைக் காட்டிக் காட்டிக் கூப்ட்டாரு. போட்ல வந்தவங்க போனைப் பாத்துகினே அடுத்த தெருப் பக்கம் திரும்பிப் போய்ட்டாங்க. எங்க தெரு மேப்ல இல்ல. அப்பால நைனாவே நெஞ்சு மட்டும் தண்ணில என்னைத் தோள்ல தூக்கிகினு வந்தாரு. அதான் மேடம்.”

எந்த மழை, எந்த ராத்திரி என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பிள்ளை அதை இத்தனை வருஷம் மனதில் வைத்து, அதற்காகவே ஒரு படிப்பைத் தேடிப் பிடித்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர் கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மறைத்தார்.

“விடுதியில சேர்க்கச் சம்மதம்தானே சார்?” என்று அந்த மேடம் அவரைக் கேட்டார்.

“சம்மதம் இன்னா மேடம்?” என்றார் இவர். “படிக்கட்டும். யார் பொண்ணு அவ!”

யார் பொண்ணு அவ! இத்தனை நாள் பேசாமல் இருந்த மனிதர் பேசிய பேச்சு இது. மோனிஷா திரும்பி, “நைனா” என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். நான் கும்பிட்டபடி அங்கேயே அழுதேன். அந்த மேடம் என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். மகளுக்கும் கொடுக்கப் போனவர் ஞாபகம் வந்து, “கை நனைக்கக் கூடாதுல்ல” என்று அவரே சிரித்தார்.

விடுதியைப் பார்க்காமல் என் வீட்டுக்காரர் கிளம்பவில்லை. லோடு ஏற்றுகிறவர் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். வார்டனிடம் அவர் கேட்ட கேள்விகளைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொன்னதால் அவரும் நல்லவர் என்று தேறினார். மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது செங்கல்பட்டை நெருங்கும் நேரத்தில் நான் மறுபடி தாயே, தாயே என்று ஆரம்பித்தேன். வண்டிகள் ஊர்ந்தன. வண்டலூர் போய் வெளிவட்டச் சாலையில் ஏறுவதுதான் அவர் வழக்கமாகப் போகிற வழி. மோனிஷா போனைப் பார்த்துவிட்டு, “நைனா, கூடுவாஞ்சேரி வரைக்கும் நெறஞ்சு கீது. சிங்கப்பெருமாள் கோயில்ல லெப்ட் எடு. ஒரகடம் போய் ஸ்ரீபெரும்புதூர்ல ஏறிக்கலாம். கம்பெனி பஸ்ஸுங்க வெளிய வர்றதுக்குள்ள ஒரகடத்தைத் தாண்டிடணும்” என்றாள்.

“எனக்கே ரூட்டு சொல்றியா?” என்றார். ஆனால் லெப்ட் எடுத்தார்.

ஒரகடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகச் சாலைக்கு வந்துகொண்டிருந்தன. அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! போனில் பேசுகிற பொம்பளையைக் கிண்டல் செய்தவர், ஊர் வரும்வரை மகளிடம் வழி கேட்டுக்கொண்டே ஓட்டினார். தெரிந்த வழியைக்கூடக் கேட்டார். அவள் சொல்வதைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை.

கோயிலில் சங்கர் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். மோனிஷா இறங்கி ஓடினாள். தீக்குச்சி உரசும்போது என் மகள் அம்மன் முன்னால் நின்றாள். அந்த விளக்கு ஏற்றியதை நான் கண்ணாரப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுத்தாள். கயிறு அவிழ்ந்தது. அடுத்த வாரம் அவளை விடுதியில் விட்டு வந்தோம். இப்போது இரண்டாம் வருஷம் முடிக்கப் போகிறாள். வகுப்பில் அவள் வாங்குகிற பெயரை நான் சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். சொல்லத்தான் ஆசையாக இருக்கிறது. மாவு வாங்க வருகிறவர்கள் என்னிடம் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

பெரிய மாற்றம் அவளிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடம்தான். போன மாதம் எங்கள் தெருவில் கன்னியப்பன் மகளுக்கு மதுரையில் நர்சிங் இடம் கிடைத்தது. அவ்வளவு தூரம் பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கன்னியப்பன் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இவர் கேள்விப்பட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனார். “எல்லையம்மா இன்னாத்துக்கு ஊருக்கு வெளிய பாத்துகினு குந்திகீறா? நம்மள உள்ள பூட்டி வெக்கவா? போற புள்ளைங்களப் பாத்துக்கத்தான்யா. கெளம்பு. ஆஸ்டல் தாப்பாளை நான் வந்து பாக்கறேன்” என்றாராம். வீட்டுக்கு வந்து, நாளைக்கு மதுரைக்குப் போகிறேன், சாதம் கட்டு என்றார்.

அன்புள்ள தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் பிள்ளையும் ஏதோ ஒரு படிப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்து நிற்கலாம். தூரம் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தை அப்படியே அம்மன் காலடியில் கொண்டுபோய் வையுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், கோபம் வந்தால் சண்டை போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மனதில் இருப்பதை முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். வண்டியை எடுங்கள்.